வேட்பாளரின் உயிர்க்காப்புக்கு யார் பணம் கொடுப்பது? அமெரிக்காவில் நடக்கும் விவாதமும் அதன் வழிகளும்

2025 ஜூன் 14 அதிகாலை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் போலீஸ்காரர் போல உடுத்திய ஒருவர் மாநில செனட்டர் ஜான் ஹாஃப்மன் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் சுட்டார். ஹாஃப்மனும் அவர் மனைவியும் பல குண்டுகள் பாய்ந்தும் பிழைத்துக்கொண்டார்கள். அடுத்து அருகிலுள்ள புரூக்ளின் பார்க் நகரில், மாநில சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவர் மார்க்கும் தங்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு பழைய கேள்வி மறுபடி மேசைக்கு வந்தது. தேர்தலில் நிற்பவரோ பதவியில் இருப்பவரோ வீட்டுக்கு கேமரா, அலாரம், கூட்டங்களுக்குத் துணையாக ஒரு செக்யூரிட்டி ஆள் என்று ஏற்பாடு செய்துகொள்ள விரும்பினால், அந்தச் செலவு யாருடையது? அவருடைய சொந்தப் பணமா, ஆதரவாளர்கள் கொடுத்த பிரசார நிதியா, அரசின் கஜானாவா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசார நிதியைப் பாதுகாப்புக்குத் திறந்துவிட்டது சரியான முடிவு. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டால், ஏற்கெனவே பணம் திரட்டத் தெரிந்தவருக்குத்தான் அது காவல். முதல்முறை நிற்கும் ஆசிரியைக்கும் சிறு கடைக்காரருக்கும் அனுமதி மட்டும் கிடைக்கும், செலவழிக்கப் பணம் கிடைக்காது.

தடை எதற்காக வந்தது

நம் ஊரில் இந்தக் கேள்வி விசித்திரமாகத் தெரியலாம். வேட்பாளர் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தன் தேர்தல் நிதியைச் செலவழித்தால் என்ன தவறு? அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே கூட்டாட்சித் தேர்தல்களில், அதாவது அதிபர் தேர்தலிலும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கான தேர்தலிலும், வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. 1976-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட வரம்பை ரத்து செய்துவிட்டது. வரம்பு இருப்பது கொடுப்பவருக்குத்தான். எவ்வளவு செலவழித்தாய் என்று சட்டம் கேட்காது, எதற்குச் செலவழித்தாய் என்றுதான் கேட்கும். பிரசார நிதியைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது.

சொந்த உபயோகம் என்றால் எது? இந்தத் தேர்தல்களின் நிதியைக் கண்காணிக்கும் ஃபெடரல் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: அந்த ஆள் வேட்பாளராகவோ பதவியிலோ இல்லாவிட்டாலும் அந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது சொந்தச் செலவு. வீட்டு வாடகை, மளிகை, துணிமணி எல்லாம் அதில் அடங்கும். இந்த விதிக்குத் தேவை நிறையவே இருந்தது. சிகாகோவின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் பிரசாரப் பணத்திலிருந்து சுமார் 7,50,000 டாலரை ரோலக்ஸ் கடிகாரம் முதல் மைக்கேல் ஜாக்சனின் நினைவுப் பொருட்கள் வரை செலவழித்து 2013-இல் சிறை போனார். கலிஃபோர்னியாவின் டங்கன் ஹண்டர் 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் கணக்கில் வளர்ப்பு முயலுக்கு எடுத்த விமான டிக்கெட் வரை இருந்தது.

வீட்டுக் கதவுக்குப் பூட்டு போடுவது யாரும் செய்வது. அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் பூட்டும் அலாரமும் சொந்தச் செலவில்தான் சேரும். அரசியலில் இருப்பதால்தான் இந்தப் பூட்டு தேவைப்படுகிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை நிரூபித்தவை வழக்கறிஞர்களின் வாதங்களைவிடத் துப்பாக்கிச் சூடுகள்தான்.

சொந்தப் பணம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்த கலவரத்துக்குப் பிறகு யூட்டா செனட்டர் மிட் ராம்னி தன் குடும்பப் பாதுகாப்புக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். அவரால் முடிந்தது. அப்படிச் செலவழிக்க முடியாத தன் கட்சிக்காரர் சிலர் பயத்தில் டிரம்ப்பைப் பதவி நீக்கும் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று அவரே பின்னால் சொன்னார். நேர்மையைப் பொறுத்தவரை இந்த வழியில் எந்தக் குறையும் இல்லை, யாருடைய பணமும் திசைமாறாது. ஆனால் இதை ஒரு நாட்டின் விதியாக வைத்தால் கோடீஸ்வரர்கள் மட்டும் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்றாகிவிடும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர்கள், ஆண்டுச் சம்பளம் 100 டாலர். ஆம், நூறுதான். அவர்களிடம் போய் சொந்தக் காசில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது கேலி.

பிரசார நிதி: கதவு திறந்த கதை

2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். ஆறு பேர் இறந்தார்கள். அப்போதே காங்கிரஸ் உறுப்பினர்கள் பயந்துவிட்டார்கள். ஆனால் விதி பொதுவாகத் தளர்ந்தது 2017-இல். அந்த ஜூனில் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சியினர் மீது ஒருவர் சுட்டதில் காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீவ் ஸ்கலீஸ் படுகாயமடைந்தார். அடுத்த மாதமே, பிரதிநிதிகள் சபையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி கேட்டதன் பேரில், வீட்டுப் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பிரசார நிதியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் கருத்துரை வழங்கியது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தனக்கு வந்த மிரட்டலைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதோடு போனது.

2021 ஜனவரி 6-க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் செனட், கீழ்ச்சபைத் தேர்தல் குழுக்கள் மெய்க்காவலர் செலவையும் கேட்டன. மார்ச்சில் ஆணையம் சம்மதித்தது. அதே காலாண்டில், டிரம்ப்பைப் பதவி நீக்க ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர் லிஸ் செனி சுமார் 58,000 டாலரைப் பாதுகாப்புக்குச் செலவழித்ததாகக் கணக்குக் காட்டினார். மூன்று மாதத்தில், ஒரே ஒருவர்.

இப்படித் துண்டு துண்டாக வந்த கருத்துரைகளை எல்லாம் சேர்த்து 2024 செப்டம்பரில் ஆணையம் முறையான விதி ஆக்கியது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கேமரா, அலாரம், விளக்கு, கேட், வேலி, தொழில்முறைக் காவலர்கள், இணையப் பாதுகாப்பு மென்பொருள் என்று நான்கு வகைச் செலவுகள். வேட்பாளருக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்துக்கும் ஊழியர்களுக்கும் உண்டு. நிபந்தனைகள் மூன்று. அச்சுறுத்தல் அரசியல் பணியால் வந்ததாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். வேலியும் கேட்டும் பாதுகாப்புக்காக மட்டுமே இருக்க வேண்டும், வீட்டின் மதிப்பை உயர்த்தும் நோக்கம் கூடாது. சந்தை விலைதான் கொடுக்க வேண்டும்.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது, போலீஸ் சான்றிதழ் கேட்கவில்லை என்பது. மிரட்டல் வந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்று கேட்டால், முன்னறிவிப்பு இல்லாமல் வருபவனுக்கு எதிராக எந்த ஏற்பாடும் செய்ய முடியாது. மிரட்டல்களின் எண்ணிக்கையே இப்போது ஒருவரையும் விட்டுவைக்காத அளவுக்குப் போய்விட்டது. காங்கிரஸைக் காக்கும் கேபிடல் போலீஸ் விசாரித்த அச்சுறுத்தல், கவலைக்குரிய பேச்சு தொடர்பான புகார்கள் 2017-இல் 3,939. 2021-இல் 9,625. இடையில் குறைந்து, 2024-இல் மறுபடி 9,474. இவை காங்கிரஸ் உறுப்பினர்கள், அவர்கள் குடும்பம், ஊழியர்கள் பற்றியவை மட்டும். மாநில, உள்ளூர் கணக்கு இதில் இல்லை. மாநில சட்டமன்ற உறுப்பினர்களில் 43 சதவீதம் பேர் முந்தைய மூன்று ஆண்டுகளில் மிரட்டலைச் சந்தித்ததாக பிரென்னன் மையம் என்ற ஆய்வு அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இனி இந்த வழியின் ஓட்டைகள்.

முதல் ஓட்டை, பணம் யாருக்குப் போகிறது என்பது. மிசூரியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த கோரி புஷ் தன் பிரசார நிதியிலிருந்து பாதுகாப்புக்குப் பெரும் தொகை செலவழித்தார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தது உண்மை. பணம் பெற்றவர்களில் ஒருவர் பின்னால் அவருக்குக் கணவரானவர். நீதித்துறை விசாரிக்கிறது என்று 2024 ஜனவரியில் அவரே உறுதிசெய்தார். தவறு எதுவும் இல்லை, சந்தை விலையிலோ அதைவிடக் குறைவாகவோதான் கொடுத்தேன், சபையின் நெறிமுறை அலுவலகம் புகாரைத் தள்ளுபடி செய்யப் பரிந்துரைத்தது என்று பதில் சொன்னார். அவர் செய்தது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. என் கவலை விதி பற்றியது. கூட்டாட்சி விதிப்படி உண்மையான வேலைக்குச் சந்தை விலையில் உறவினருக்குப் பணம் கொடுக்கலாம். சுவரொட்டி அடிப்பவர் எத்தனை அடித்தார் என்று எண்ணிப் பார்க்கலாம். கூடவே நின்றவர் எத்தனை மணி நேரம் காவலராக நின்றார், எத்தனை மணி நேரம் குடும்பத்தாராக நின்றார் என்று எந்தத் தணிக்கையாளர் எண்ணுவார்?

இரண்டாவது, பாதுகாப்பு நிறுவனமும் அரசியலும் ஒட்டிக்கொள்வது. 2024 அதிபர் தேர்தலில் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் பிரசாரம் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் பல லட்சம் டாலர் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர் கென்னடியை ஆதரித்த சூப்பர் பேக்குக்கு, அதாவது நன்கொடைக்கு வரம்பில்லாத வெளி ஆதரவுக் குழுவுக்கு, நன்கொடை கொடுத்தவர். சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் வந்த பணம் இன்னொரு பக்கம் போகும் இந்த மாதிரி ஏற்பாடுகளைப் பார்க்கும் சாதாரண நன்கொடையாளர் என்ன நினைப்பார்? அவர் 25 டாலர் கொடுத்தது விளம்பரத்துக்கும் வீடு வீடாகப் போவதற்கும் என்று நம்பித்தானே.

மூன்றாவது ஓட்டையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 200 டாலருக்கு மேல் போகும் ஒவ்வொரு செலவையும் பெற்றவர் பெயர், முகவரி, நோக்கம் என்று ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஊழலைப் பிடிக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் எந்த நிறுவனம் காவல் பார்க்கிறது, எந்த மாதத்தில் செலவு நின்றது என்பதையும் அதே பக்கம் காட்டிக்கொடுக்கும். வெளிப்படைத்தன்மையும் பாதுகாப்பும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. தணிக்கையாளருக்கு முழு விவரம், பொதுமக்களுக்கு மொத்தத் தொகை என்று பிரிப்பதே கொஞ்சம் நியாயமாகப் படுகிறது.

நான்காவது எல்லாவற்றையும் விடப் பெரியது. ஒரு செனட் வேட்பாளர் கோடிக்கணக்கில் திரட்டுகிறார், அவருக்கு 58,000 டாலர் சில்லறை. மாநில சட்டமன்றத்துக்கோ பள்ளி வாரியத்துக்கோ நிற்பவரின் மொத்த பட்ஜெட்டே சில ஆயிரம் டாலர்தான் இருக்கும். கேமராவும் அலாரமும் வாங்கினால் ஒரு சுற்று துண்டறிக்கை போய்விடும். எதிராளிக்கு மிரட்டல் இல்லை என்றால் அவர் அந்தப் பணத்தையும் பிரசாரத்தில் போடுவார். மிரட்டியவன் சுடாமலேயே வேட்பாளரின் பட்ஜெட்டில் ஒரு பகுதியைப் பறித்துவிட்டான்.

வரம்பு போட்டுத் திறப்பது: கலிஃபோர்னியாவின் வழி

கூட்டாட்சி விதி மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்குச் செல்லாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். பலவற்றில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சே இல்லாமல் இருந்தது, அதனால் மாநிலத் தேர்தல் அலுவலகம் என்ன சொல்லும் என்று ஊகித்துக்கொண்டே செலவழிக்க வேண்டிய நிலை.

கலிஃபோர்னியா முன்பே ஒரு சட்டம் வைத்திருந்தது. வீட்டு மின்னணுப் பாதுகாப்புக்கு 5,000 டாலர் வரை, அதுவும் மிரட்டலை போலீஸ் சரிபார்த்திருந்தால். வீட்டை விற்றாலோ பதவியை விட்டு ஓராண்டு ஆனாலோ அந்தச் செலவைப் பிரசாரக் கணக்குக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இதைத் தளர்த்தும் மசோதா 2023-இல் வந்தபோது, எவையெல்லாம் பாதுகாப்புச் செலவு என்று தெளிவாக வரையறுக்கவில்லை என்று கவர்னர் நியூசம் திருப்பி அனுப்பினார். வரையறைகளோடு 2024-இல் மறுபடி வந்ததில் கையெழுத்திட்டார். அது வாழ்நாள் வரம்பை 10,000 டாலராக உயர்த்தியது, குடும்பத்தையும் ஊழியர்களையும் சேர்த்தது.

வரம்பு போட்டால் முறைகேட்டின் அளவும் வரம்புக்குள் நிற்கும் என்பது இதன் பலம். திருப்பிக் கட்டும் விதியும் எனக்குப் பிடித்தது, வாக்காளர் பணத்தில் வீட்டுக்கு நிரந்தர வசதி செய்துகொண்டார் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்த 2024 சட்டம் வைத்த வாழ்நாள் வரம்பு எனக்குப் புரியவே இல்லை. கேமரா ஒருமுறை வாங்குவது, சரி. காவலர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர். ராம்னி கொடுத்த கணக்கில் பார்த்தால் அந்த வாழ்நாள் வரம்பு இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். பொருளுக்கு வரம்பு வைக்கலாம், ஆளுக்கு வைக்கும் வரம்பு தேர்தல் காலத்தைப் பொறுத்து மாத அடிப்படையில் இருக்க வேண்டும்.

அரசுப் பணம்

1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டல் சமையலறையில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ராபர்ட் கென்னடி சுடப்பட்ட உடனேயே, முக்கிய அதிபர் வேட்பாளர்களுக்கு, அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் படையின் பாதுகாப்பு தர காங்கிரஸ் வழி செய்தது. யார் முக்கிய வேட்பாளர் என்பதை இன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் தீர்மானிக்கிறார், இரு அவைகளின் தலைவர்களைக் கொண்ட குழுவிடம் ஆலோசித்துவிட்டு. முடிவு எடுப்பவர் அதிபரால் நியமிக்கப்பட்டவர். கேட்பவரோ அந்த அதிபரை எதிர்த்து நிற்பவராக இருக்கலாம்.

விதியின் விளையாட்டு, அந்த ராபர்ட் கென்னடியின் மகனுக்குத்தான் 2023-இல் இந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. பல முறை கேட்டும் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 13 பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் சுடப்பட்ட இரண்டு நாளில் கிடைத்தது. மேலே சொன்ன தனியார் நிறுவனத்துக்குப் போன பல லட்சங்கள் அந்த இடைவெளியின் விலை. அரசு மறுத்தால் பிரசார நிதிதான் மிச்சம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ராஜீவ் காந்தி பிரதமர் பதவியை இழந்தபின் எஸ்.பி.ஜி. பாதுகாப்பு அவருக்கு இல்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் பிரசாரத்துக்கு வந்தபோது அவர் முன்னாள் பிரதமர், எதிர்க்கட்சி வேட்பாளர். முன்னாள் பிரதமர்களுக்கும் எஸ்.பி.ஜி. என்று சட்டம் திருத்தப்பட்டது அவர் இறந்த பிறகு. 2019-இல் அது பதவியில் இருக்கும் பிரதமருக்கும், பதவி விட்ட ஐந்து ஆண்டு வரை முன்னாள் பிரதமருக்கும், அவர்களோடு வசிக்கும் குடும்பத்தினருக்கும் என்று சுருக்கப்பட்டது. யாருக்கு எந்த அளவு பாதுகாப்பு என்ற கேள்வி ஆட்சியில் இருப்பவர் கையில் இருக்கும் வரை, எதிரில் நிற்பவருக்குச் சந்தேகம் தீராது.

அரசுப் பணத்தின் இன்னொரு வடிவம், பதவியில் இருப்பவருக்கு மட்டும் கொடுப்பது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு வீட்டுப் பாதுகாப்புக்கு 10,000 டாலர் இருந்ததை 2025 ஜூலையில் 20,000 ஆக்கினார்கள், மினசோட்டாவின் தாக்கம். மாதம் 150 டாலராக இருந்த தனிப்பாதுகாப்புத் தொகை ஒரே தாவலில் 5,000 ஆனது. செப்டம்பர் 10 அன்று யூட்டாவில் வலதுசாரி அரசியல் பிரசாரகர் சார்லி கர்க் கொல்லப்பட்டதும் அதுவும் இரட்டிப்பானது. உறுப்பினர்களைக் குறை சொல்ல மாட்டேன், தலைவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு முழுநேர போலீஸ் காவல் அங்கே கிடையாது. ஆனால் இதே தொகுதியில் அவரை எதிர்த்து நிற்பவருக்கு இதில் ஒரு சென்ட் கூட வராது. ஒருவருக்கு வரிப்பணக் காவல், எதிரிலிருப்பவர் நன்கொடையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். போட்டி சமமாக இல்லை என்பதைக் காங்கிரஸில் பேச யாருக்கும் அவசரம் இல்லை, பேச வேண்டியவர்கள் எல்லாம் பதவியில் இருப்பவர்கள்தானே.

பிரிட்டன் இந்த இடத்தில் மேல். 2016-இல் ஜோ காக்ஸ், 2021-இல் டேவிட் ஏமெஸ் என்று இரண்டு எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் அறிவித்த 3.1 கோடி பவுண்ட் திட்டத்தில் எம்.பி.க்களோடு வேட்பாளர்களையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு போலீஸ் படையிலும் வேட்பாளர்கள் தொடர்புகொள்ள ஓர் அதிகாரி என்று ஏற்பாடு. அங்கே செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. நியாயமான பாதுகாப்புச் செலவு அந்த வரம்புக்குள் எண்ணப்படாது என்று அதே ஆண்டு விதி வந்தது. செலவு வரம்பு உள்ள எந்த நாடும், இந்தியா உட்பட, இதைக் கவனிக்கலாம். மிரட்டப்படும் வேட்பாளரின் வரம்பு, மிரட்டப்படாதவரின் வரம்பைவிடச் சிறியதாகிவிடக் கூடாது.

அரசுப் பாதுகாப்பு என்றால் தோல்வியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பட்லரில் இருந்தது உலகின் மிகப் பெயர்பெற்ற பாதுகாப்புப் படை, அதன் இயக்குநர் பத்தே நாளில் பதவி விலகினார். 2022-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசியின் கணவர் பால் பெலோசி சுத்தியலால் தாக்கப்பட்ட வீட்டில் கேபிடல் போலீஸின் கேமராக்கள் இருந்தன. அந்த நேரத்தில் யாரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மறுபக்கம், புரூக்ளின் பார்க்கில் ஹாஃப்மன் வீட்டுச் செய்தி கேட்டதும், யாரும் கூப்பிடாமலேயே ஹார்ட்மன் வீட்டைப் பார்த்து வரச் சொன்னது உள்ளூர் போலீஸ்தான். அவர்கள் போனபோது கொலையாளி இன்னும் அங்கே இருந்தார். தம்பதியைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் அவர் அடுத்த வீட்டுக்குப் போவது அங்கே நின்றது.

கட்சி கொடுக்கட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. வேட்பாளரின் சொந்தச் செலவை வெளியார் ஏற்றால் அது நன்கொடையாகக் கணக்கிடப்பட்டு வரம்பில் முட்டிக்கொள்ளும் என்பது ஒன்று. கட்சித் தலைமைக்குப் பிடிக்காதவர், கட்சியே இல்லாமல் நிற்பவர் என்ன செய்வார்கள் என்பது இன்னொன்று. தன் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும் மிரட்டல் வருகிறது. செனியைக் கேளுங்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒரு மாநில சட்டமன்றம் இன்று இதை முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடித்தளம் அரசுப் பணமாக இருக்க வேண்டும், வாக்குச்சீட்டில் பெயர் வரத் தகுதி பெற்ற எல்லா வேட்பாளருக்கும் ஒரே தொகை, பதவியில் இருப்பவர் இல்லாதவர் என்ற பேதம் இல்லாமல். கேமரா, அலாரம், கண்காணிப்புச் சந்தா ஆகியவற்றுக்குப் போதுமான அளவு. மெய்க்காவலர் அளவுக்கு வேண்டாம், அது கட்டுப்படியாகாது. எனக்குப் பிடிக்காத அரசியல்வாதிக்கு என் வரிப்பணமா என்று கேட்பவருக்குப் பதில் இருக்கிறது. பயந்து ஒருவர் விலகினால் குறைவது வாக்காளருக்கு இருக்கும் தேர்வுதான்.

அதற்கு மேல் பிரசார நிதி, கூட்டாட்சி விதியைப் போல போலீஸ் சான்று கேட்காமல். தேவை பற்றிக் கேள்வி குறைவாகவும், பெறுபவர் பற்றிக் கேள்வி அதிகமாகவும் இருக்க வேண்டும். உறவினருக்குப் பாதுகாப்புக் கூலி அறவே கூடாது. கூட்டாட்சி விதியைவிட நான் கடுமையாக இருக்கும் முக்கியமான இடம் இதுதான். பிரசாரத்துக்கோ அதன் ஆதரவுக் குழுவுக்கோ பெரிய நன்கொடை கொடுத்தவரின் நிறுவனத்துக்குப் போனால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் திருப்பிக் கட்டும் விதியைப் பொருட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதை யாரிடம் போய்க் கேட்டுத் தெளிவது என்பதும் முக்கியம். விதி எழுதிய ஃபெடரல் தேர்தல் ஆணையத்துக்கு ஆறு இடங்கள், முடிவெடுக்க நான்கு பேர் வேண்டும். 2025 மே தொடக்கத்தில் அது கோரத்தை, அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை, இழந்தது. கோரம் இல்லாத ஆணையம் கருத்துரை வழங்க முடியாது, அபராதம் விதிக்கவும் முடியாது. மினசோட்டாவும் யூட்டாவும் நடந்தது அந்த ஆண்டில்தான்.

கையில் காசே இல்லாத வேட்பாளருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மினசோட்டா வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கிடைத்த குறிப்பேடுகளில் அதிகாரிகளின் பெயர்களோடு, ஆட்களின் முகவரியைத் தேடித் தரும் இணையதளங்களின் பட்டியலும் இருந்தது. முகவரி அவ்வளவு மலிவு. நியூ ஜெர்சியில் 2020-இல் நீதிபதி எஸ்தர் சலாஸின் மகன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டபின், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், போலீஸார் ஆகியோரின் வீட்டு முகவரியை நீக்கச் சொல்லும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். வேட்பாளர்களுக்கு இதைக் கொடுப்பதில் ஒரு தடங்கல் உண்டு, அவர் அந்தத் தொகுதியில்தான் குடியிருக்கிறாரா என்று எதிராளியும் வாக்காளரும் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கு வழி இல்லாமல் இல்லை. வீட்டு முகவரி தேர்தல் அலுவலகத்தின் கோப்பில் மட்டும் இருக்கட்டும், வேட்புமனுவில் ஒரு தபால் பெட்டி எண் போதும், குடியிருப்பில் சந்தேகம் எழுப்புபவர் நீதிமன்றம் வழியாகக் கேட்கலாம். இந்தத் திருத்தத்துக்கு எந்த நிதியிலிருந்தும் பணம் எடுக்க வேண்டியதில்லை. வேட்பாளரும் தன் பங்குக்கு, பிரசாரக் கணக்கு தொடங்கும் அன்றே வீட்டு விலாசத்தைக் கொடுக்காமல் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்து ஆரம்பிக்கலாம்.